தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம்

அமராவதி ஆற்றில் தண்ணீர் வந்த வருஷம் என்று சிலர் சொல்கிறார்கள், வராத வருஷம் என்று சிலர் சொல்கிறார்கள், எங்கள் ஊரில் எதையும் இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்லி நான் கேட்டதில்லை, ஆனால் அது ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது, ஏனென்றால் அன்றைக்குத்தான் நாகமணி தன் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆறுச்சாமி வாத்தியார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அரசாங்கத்துக்குச் சொல்வதற்காக அவர் வீட்டுக்கு வந்தாள்.

அதுதான் அவளுடைய வேலை. பென்ஷன் வாங்குகிற ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒருமுறை தான் சாகவில்லை என்பதை நிரூபித்தாக வேண்டும், நடக்க முடிந்தவர்கள் தாராபுரத்துக்குப் போய் நிரூபிப்பார்கள், முடியாதவர்கள் வீட்டுக்கு நாகமணி பஸ் ஏறி வருவாள், லேப்டாப்பை விரித்து, சோப்பு டப்பா அளவுள்ள விரல்ரேகைக் கருவியை அதில் சொருகி, கட்டைவிரலை வைக்கச் சொல்வாள், பச்சை விளக்கு எரிந்தால் ஆள் இன்னும் ஒரு வருஷத்துக்கு உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். நாற்பத்தொரு வயதில், இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

வாத்தியார் கட்டைவிரலை வைத்தார், பச்சை எரிந்தது, எரிந்ததும் முப்பத்தாறு வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற அசதியும், இரண்டு பிள்ளைகளை ஆளாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கிற அசதியும், முந்தின ராத்திரி சரியாகத் தூங்காத அசதியும் அவர் விரல் வழியாக இறங்கி, வயருக்குள் புகுந்து, லேப்டாப்பில் போய்ச் சேர்ந்தன. அவர் நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்து நின்றார்.

“என்ன அம்மிணி இது, ஒடம்பு பஞ்சாட்டம் இருக்குது,” என்றார்.

“காலைல கருவியத் தொடச்சு வெச்சனுங்க. அதா இருக்குமுங்க,” என்றாள் நாகமணி. பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது வந்ததைவிட அரைக் கிலோ கூடியிருப்பது அவளுக்குத் தெரிந்தது. அடுத்த பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

மழை பெய்தால் குடை எடுப்பது போல ஊர் இதை எடுத்துக்கொண்டது. கார்த்திகை பிறப்பதற்குள் ‘அசதி வைக்கிறது’ என்று ஒரு பேச்சே எங்களிடம் புழங்க ஆரம்பித்தது, பென்ஷன் வாங்காதவர்களும் வந்தார்கள், பனியன் கம்பெனியில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த பெண்கள் வந்தார்கள், மாட்டுத் தரகர்கள் வந்தார்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் படி படி என்று சொல்லியே ஓய்ந்துபோன தாய்மார்களும் சேர்ந்தே வந்தார்கள், மாரியம்மன் கோயில் பூசாரி திருவிழா முடிந்த மறுநாள் வந்து இரண்டு கட்டைவிரலையும் ஒருசேர வைத்துவிட்டுப் போனார், கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கிளம்பியவர்கள் ஐம்பது வீடு ஏறி இறங்கியதும் நாகமணி எந்த ஊரில் இருக்கிறாள் என்று போன் போட்டு விசாரித்தார்கள். பஸ் கண்டக்டர் முதலில் அந்தப் பைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார், பிறகு தானும் விரல் வைக்க ஆரம்பித்ததும் போடுவதை விட்டுவிட்டார். டீக்கடையில் அவள் பை வைக்கிற பெஞ்சுக்கு இரும்புக் கால் அடித்தார்கள், தைலம் விற்றுக்கொண்டிருந்தவர் வேறு ஊர் பார்த்துப் போனார்.

நானும் வைத்திருக்கிறேன். பொய் சொல்வானேன், சனிக்கிழமை தவறாமல் வைத்திருக்கிறேன்.

அப்படி வைத்து வைத்து, எங்களுக்குள் சில வார்த்தைகள் இல்லாமல் போயின. அசதியாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை, ஏன் முகம் வாடியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, வெயிலில் வந்தவருக்கு ஃபேனைத் திருப்பி வைப்பது, சித்த நேரம் படுங்கள் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அடுப்படிக்குள் போவது, இதெல்லாம் எப்போது நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. யாராவது லேசாகப் பெருமூச்சு விட்டால்கூட “இன்னிக்கு நாகமணி வர்ற நாளுதான?” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம்.

ஊரில் ஒருத்தியின் அசதி மட்டும் அதற்குள் போகவில்லை, அது நாகமணியின் அசதி. இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் பத்து வருஷம் காங்கேயத்துத் தேங்காய்க் களத்தில் பருப்பு தோண்டினாள், தோண்டித் தோண்டி விரல் நுனி வழவழவென்று தேய்ந்துவிட்டது, கருவிக்கு அவள் விரல் விரலாகவே தெரியவில்லை, சிவப்பு எரியும். தினமும் காலையில் அவள் போனுக்கு வருகிற எண்ணைத் தட்டித்தான் லேப்டாப்பைத் திறப்பாள். ஊர் அசதியையெல்லாம் உயிர்ச் சான்றோடு சேர்த்துச் சுமந்தவளுக்குத் தன்னுடையதை வைக்க இடமில்லை.

லேப்டாப்பை மூடி வைத்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கொஞ்சம் வடியும், ஆனால் வடிந்ததைவிட வந்தது எப்போதும் அதிகம். இரண்டாம் வருஷம் மாசி மாதம் மக்காச்சோள மண்டித் தராசில் ஒருநாள் அவள் பையைத் தூக்கி வைத்துப் பார்த்தாள், பத்தொன்பது கிலோ காட்டியது. அதற்குள் அவள் வலது தோள் இறங்கிவிட்டது, கை நெஞ்சுக்கு மேலே போகாது, சடை பின்ன முடியாமல் முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டாள், கேட்டவர்களிடம் வெயிலுக்குத்தான் என்றாள். தாராபுரத்து எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி இரண்டு கிலோவுக்கு மேல் இந்தத் தோளில் மாட்டினால் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொன்னார். சொல்லிவிட்டு, அவரும் கட்டைவிரலை நீட்டினார்.

பங்குனியில் பஸ் படியில் இறங்கும்போது பையின் வார் அறுந்து லேப்டாப் தார் ரோட்டில் விழுந்தது. மூடி ஒரு பக்கமும் அடி ஒரு பக்கமுமாகப் பிளந்துகொண்டது, திரையில் நீலமாக ஒரு கோடு ஓடிவிட்டு அணைந்தது. கண்டக்டரும் டிரைவரும் சேர்ந்து அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஜாகிர் கடைக்கு அனுப்பினார்கள், ஜாகிர்தான் எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் விற்று ரிப்பேரும் பார்க்கிறவன். அவன் ஸ்குரூ கழற்றிப் பார்த்தான், இனி ஆகாது என்றான், புதிதாக வாங்குவதற்கு இரண்டு மாடலைத் திருப்பூரிலிருந்து வரவழைத்தான், ஒன்று பெரியது, ஒன்று சின்னது.

அவன் பொறுப்பான பையன், வந்தவுடன் இரண்டையும் சோதித்து வைத்திருந்தான். நாகமணியின் கருவியைச் சின்னதில் சொருகி அவன் விரல் வைத்தான், கடைக்கு வந்த நாலு பேரை வைக்கச் சொன்னான், ஐந்தாவது ஆளோடு அது நிறைந்துவிட்டது, அதற்குமேல் பச்சை எரிகிறதே தவிர அசதி உள்ளே போகவில்லை, காலையில் பார்த்தால் முழுக்க வடிந்து புதிது போல இருந்தது. பெரியதில் கடைவீதி மொத்தமும் வரிசையில் வந்து வைத்தது, அது போதும் என்று சொல்லவே இல்லை, கனம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

நாகமணி பார்க்க வந்த அன்று ஊரில் பாதி கடை வாசலில் நின்றது. ஓய்வூதியர் சங்கத் தலைவர் என்ற முறையில் ஆறுச்சாமி வாத்தியார் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

“பெருசே எடுத்துக்க அம்மிணி. சங்கத்துல இருந்தே வாங்கித் தந்தர்றோம்,” என்றார். “சின்னத வாங்கிப் போட்டு நாளைக்குப் பத்தாமப் போச்சுன்னா என்ன பண்றது?”

“ஸ்பீடும் பெருசுதாங்க. பதினாறு ஜிபி,” என்றார் டீக்கடைக்காரர், அவருக்கு அது என்னவென்று தெரியாது.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், பிராசஸரைப் பற்றிச் சொன்னார்கள், பேட்டரியைப் பற்றிச் சொன்னார்கள், ஒருத்தர் இரண்டையும் தட்டிப் பார்த்துப் பானை வாங்குவது போலச் சத்தம் கேட்டார். திரை பெரியதாக இருந்தால் கண்ணுக்கு நல்லது என்று நானும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன். பழைய லேப்டாப் அதே பையில் கடை மூலையில் கிடந்தது, அதன் மேல்தான் நான் காலைத் தூக்கி வைத்திருந்தேன்.

“வெயிட்டு எவ்வளவு தம்பி?” என்று கேட்டாள் நாகமணி.

“பெருசு ரெண்டே முக்கால் கிலோங்க்கா, காலியா இருக்கறப்ப. சின்னது தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம்.”

அவள் சின்னதைத் தூக்கினாள். பத்தொன்பது கிலோவுக்குப் பழகிய கை, அதே தம்மைக் கொடுத்துத் தூக்கியது, லேப்டாப் விசுக்கென்று மேலே போய் ஜாகிர் குறுக்கே பாய்ந்து பிடிக்க வேண்டியதாயிற்று. எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை, தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

“கை தானா மேல போயிருச்சுங்க,” என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு அவள் எதையும் எடுக்கவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டாள். வீட்டில் அவள் கணவன் தண்டபாணி, லோடு வேன் ஓட்டுகிறவர், நல்ல மனுஷன், குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை, ஒன்றரை வருஷமாகச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பு விரல் வைத்துவிட்டுத்தான் உட்காருவார், “உனக்கு எது தோதோ அத வாங்கு மணி,” என்றார். அவரும் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

அவளுக்குச் சின்னதுதான் தோது, அது டாக்டர் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் அவள் ஓய்வுபெற்ற லைன்மேன் சென்னியப்பன் வீட்டுக்குப் போவாள், ஊரிலேயே அதிகக் கனம் அவருடைய அசதிதான், அவர் ஒருத்தர் விரல் வைத்தால் ஒன்றரைக் கிலோ ஏறும். மனைவி ருக்குமணிக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம், பிள்ளைகள் இல்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும், எழுபத்திரண்டு வயதில் அவர் ஒற்றை ஆளாகப் புரட்டினார். முதல் இரண்டரை வருஷம் அந்த வீதிப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு போய்க் கைகொடுத்தார்கள். பிறகு அவர்தான் வாராவாரம் நாகமணியிடம் அசதி வைக்கிறாரே என்று ஒவ்வொருத்தராக நின்றுவிட்டார்கள். ருக்குமணி உள்ளறையில் இருக்கிறாள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், அந்த உள்ளறைக்குள் ஒன்றரை வருஷமாக யாரும் போனதில்லை, முன்னறையில் விரல் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற நாகமணியும் போனதில்லை.

சின்னதை எடுத்தால் சென்னியப்பன் பாதி வழியில் நின்றுவிடுவார். பெரியதை எடுத்தால் அவள் கை போய்விடும். மூன்று நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாருடைய முகத்தை நினைத்தாலும் பதில் மாறியது. நாலாம் நாள் காலையில் முடி சீவுவதற்கு இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, அவளுக்கு ரொம்பவும் சலிப்பாக இருந்தது, யாருக்கும் நல்லவளாக இருக்க அவளால் முடியவில்லை, சீப்பை வைத்துவிட்டு நேராக ஜாகிர் கடைக்குப் போனாள்.

“சின்னதே குடு தம்பி. சங்கத்துக்காரங்கள கேக்க வேண்டாம், நானே வாங்கிக்கறேன்.”

ஊர் சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. ஆறுச்சாமி வாத்தியார் “உன்ற இஷ்டம் அம்மிணி” என்றார், எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் சம்மதம் என்று பொருள் இல்லை. சின்னதில் அரசாங்கத்து சாப்ட்வேர் ஏற்றித் தர ஜாகிருக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது, பன்னிரண்டு நாளும் நாகமணி தோளில் எதையும் மாட்டவில்லை, கை மெல்லத் தோள் உயரம் வரைக்கும் வந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் ஊர் தன் அசதியைத் தானே வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தது, நாலு மணிக்கே கடைகளைப் பூட்டினார்கள், இரண்டு வீட்டில் காரணமே இல்லாமல் பாத்திரம் பறந்தது.

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் அவள் சென்னியப்பன் வீட்டுக்குப் போனாள். வழியில் கண்டக்டர் விரலை நீட்டினார், இன்றைக்கு இல்லை என்று சொல்லிவிட்டாள், சென்னியப்பனுக்காக அதைக் காலியாகக் கொண்டுபோனாள்.

சென்னியப்பன் மூன்று வாரத்து அசதியோடு உட்கார்ந்திருந்தார். விரல் வைத்தார், பச்சை எரிந்தது, கொஞ்சம் இறங்கியது, பாதி தூரம்கூட வரவில்லை, நின்றுவிட்டது. அவர் விரலை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

“அவ்வளவுதானுங்களா அம்மிணி?”

“அவ்வளவுதானுங்க. நெறஞ்சு போச்சுங்க.” அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். “நாந்தான் சின்னதா வாங்கிட்டனுங்க. தோளு முடியலீங்க.”

“செரி, செரி. அதனால என்ன. தோளு வேணுமல்ல,” என்றார்.

அப்போது உள்ளறையில் டக் டக் என்று சத்தம் கேட்டது. கட்டில் சட்டத்தில் டம்ளரால் தட்டுகிற சத்தம், புரட்ட நேரமாகிவிட்டது என்பதற்கு. சென்னியப்பன் முழங்காலில் கை ஊன்றி எழப் பார்த்தார், முடியவில்லை, இன்னொரு தடவை பார்த்தார், மறுபடி டம்ளர் தட்டியது. இந்தச் சத்தம் எத்தனையோ செவ்வாய்க்கிழமை அவள் காதில் விழுந்ததுதான், அப்போதெல்லாம் அவர் லேசாகி எழுந்து உள்ளே போவார், அவள் பையை மாட்டிக்கொண்டு வெளியே போவாள். இன்றைக்கு நாகமணி எழுந்து உள்ளே போனாள்.

ஜன்னல் ஓரம் கட்டிலில் ருக்குமணி கிடந்தாள், பழைய சீலையை நாலாக மடித்துப் போட்டது போல அவ்வளவுதான் இருந்தாள். வாயின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது, கண் மட்டும் துறுதுறுவென்று இருந்தது, வந்தவளை மேலிருந்து கீழ்வரை அளந்தது.

“நீயா, உசுரோட இருக்கறாங்கன்னு எழுதறவ?” என்றாள், வார்த்தை கொழகொழவென்று வந்தாலும் புரிந்தது.

“ஆமாங்க.”

“எனக்குப் பென்ஷன் இல்ல. அதனால ஒருத்தரும் வந்து பாக்கல.”

நாகமணி கட்டிலருகே போய்க் குனிந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்த சென்னியப்பன் கால் பக்கம் நின்றார், எந்தக் கையை எங்கே கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லிக் கொடுத்தார், நாகமணி ருக்குமணியின் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் இரண்டு கையையும் விட்டாள், தம் கட்டினாள், தன் வலது தோள் எங்கே விட்டுவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள், தூக்கினாள். ருக்குமணி புரண்டு வந்துவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபின் அவள் முதுகை நாகமணி ஈரத்துணியால் துடைத்தாள், பவுடர் போட்டாள், முடியை ஒதுக்கிவிட்டாள், அடுத்த பஸ் போகிற சத்தம் கேட்டது, அதற்கடுத்த பஸ் போகிற சத்தமும் கேட்டது.

இதையெல்லாம் அவள் எங்களிடம் சொல்லவில்லை, சென்னியப்பன் பிறகு சொல்லித் தெரிந்தது. அன்று மத்தியானம் டீக்கடையில், இரும்புக்கால் பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டே அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

“ருக்குமணியம்மாளப் பொரட்டறப்ப ஆள்ல பாதிக் கனம் என்ற பக்கம் வந்துச்சுங்க. அந்தப் பை அளவுக்கு அது வரலீங்க.”

டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார். ஆறுச்சாமி வாத்தியார் பேப்பரைத் திருப்பினார், அதில் படிக்க ஒன்றும் இல்லை. நான் காசை வைத்துவிட்டு எழுந்து ஜாகிர் கடைக்குப் போனேன்.

பழைய லேப்டாப் மூலையில் அப்படியேதான் கிடந்தது. மூன்று வாரத்தில் வடிந்தது போக மிச்சம் பதினாலு கிலோ இருக்கும் என்று ஜாகிர் சொன்னான். அறுந்த வாரை முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டினேன், அவள் மாட்டுகிற அதே வலது தோளில். கடைக்குள் நாலு எட்டு நடந்தேன், அதில் என் சனிக்கிழமைகளும் இருந்திருக்கும், தனியாகத் தெரியவில்லை. கடைப்படி வரைக்கும் போனேன். அதற்குமேல் முடியவில்லை, பையோடு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னங்ண்ணா ஆச்சு?” என்று ஓடிவந்தான் ஜாகிர்.

“அசதியா இருக்குது ஜாகிர்.”

ஒன்றரை வருஷமாக அந்தக் கடைவீதியில் யாரும் சொல்லாத வார்த்தை அது. இதைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு மறந்துபோயிருந்தது, கடைக்குள் சுற்றும் முற்றும் பார்த்தான். பிறகு உள்ளே போய், டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து, வயர் எட்டுகிற வரைக்கும் இழுத்து, என் பக்கம் திருப்பி வைத்தான்.